ஒரே ஒயரும் இரண்டு தாயக்கட்டைகளும்

கம்ப்யூட்டர்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அதன் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் பீரோ பீரோவாக நின்ற பெரிய கம்ப்யூட்டரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். எதைக் கேட்டாலும் பதில் அவரிடம்தான். பிறகு மேஜைக்கு ஒன்றாகச் சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. எல்லாவற்றையும் அண்ணாச்சியோடு ஒரே ஒயரில் கோத்தார்கள். அதற்குமேல் அவருக்குக் காதும் அந்த ஒயர்தான், வாயும் அந்த ஒயர்தான்.

கோத்த மறுநாளே ஜெயசீலி சிஸ்டருக்குத் தலை சுற்றியது. லாரி மோதி வந்த சுடலைமுத்து ஏழாம் படுக்கையில் வெளுத்துக்கொண்டே போனார். பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் உள்ளவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது அண்ணாச்சிக்கு மட்டுமே தெரியும். வார்டு கம்ப்யூட்டர் கேட்டது. பதில் வந்தது:

"ஏழாம் படுக்கைக்கு உப்பில்லாத பி நெகட்டிவ், இருநூறு தட்டு."

"நீ என்னத்தக் கேட்ட?" என்றார் சிஸ்டர்.

"ரத்தம்தான் கேட்டேன் சிஸ்டர். அதே நேரத்துல சமையல்கட்டுக் கம்ப்யூட்டரும் வாயத் திறந்துட்டான்."

ஒயருக்குள் இரண்டு பேச்சும் மோதிக் கலந்திருந்தன.

"மன்னிக்கணும், நீங்க பேசுங்க" என்றது வார்டு.

"சேச்சே, நீங்க முதல்ல" என்றது சமையல்கட்டு.

அதையும் சேர்ந்தே சொன்னதால் அதுவும் மோதியது. இரண்டும் மரியாதையாக மூன்று எண்ணிவிட்டு, அதே நொடியில் மறுபடி பேசின. ஒரே பெட்டியில் வந்தவை. இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றுபோல் ஓடியது.

"அஞ்சு எண்ணிட்டுப் பேசு" என்றார் சிஸ்டர். சமையல் மேற்பார்வையாளர் பிச்சாண்டியும் தன் கம்ப்யூட்டரிடம் ஐந்து என்றுதான் சொல்லியிருந்தார்.

"ஏல, யாருக்குல ரத்தம், யாருக்குல ரசம்?" என்று கத்தினார் அண்ணாச்சி.

சிஸ்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சண்டை என்றால் விலக்கிவிடலாம். இவ்வளவு மரியாதையை என்ன செய்வது?

"எங்க வீட்டுக்காரர் பொழைப்பாரா மாட்டாரா?" என்று அழுதாள் சுடலைமுத்துவின் மனைவி இசக்கியம்மாள். "யாரு முந்தின்னு இதுகளுக்குத் தெரியலைன்னா தாயம் போடச் சொல்லுங்க!"

அவள் ஆத்திரத்தில் சொன்னதுதான். சிஸ்டர் வராந்தாவுக்கு ஓடினார். நோயாளிகளோடு வந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்த தாயக்கட்டை இரண்டையும் பிடுங்கினார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதைப் பிச்சாண்டியிடம் கொடுக்கச் சொல்லி இசக்கியம்மாளை அனுப்பினார்.

"விழுந்த எண்ணிக்கை முடியறவரைக்கும் சும்மா இருக்கணும். மத்தவன் பேசிட்டிருந்தா அவன் முடிக்கட்டும்" என்றார் வார்டு கம்ப்யூட்டரிடம். பிச்சாண்டிக்கும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் உருட்டலில் இரண்டு பக்கமும் இரண்டு விழுந்தது. மறுபடியும் மோதல். அடுத்த உருட்டலில் வார்டுக்கு மூன்று, சமையல்கட்டுக்கு ஒன்று. இருநூறு தட்டுச் சோறு முந்திக்கொண்டது. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒயர் அடங்கியது. வார்டு பேசியது.

"பி நெகட்டிவ். மூணு பேர். மூணு பேரும் மேலத்தெரு" என்றார் அண்ணாச்சி, தெளிவாக.

பொழுது சாய்வதற்குள் சுடலைமுத்து கண் திறந்தார்.

ஒரு ஒயரைப் பங்கிட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள், பேச்சு மோதினால் வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றும் தனக்குத்தானே ஒரு கட்டை உருட்டி, விழுந்த அளவு காத்திருந்து பேசுவது அன்று முதல்தான். யாருடைய அவசரம் பெரிது என்று கட்டை அன்றும் கேட்கவில்லை; பிறகும் கேட்டதில்லை.