நாற்பது ஜோடிக் கம்பளிச் செருப்பு

"நாற்பது ஜோடி முடிச்சுட்டேன் அம்மா. இனி நீங்கதான் சொல்லணும்."

மாசிலாமணி இப்படிச் சொன்னபோது அங்கயற்கண்ணி அம்மா பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லணும்?"

"எனக்குப் பக்குவம் வந்திருக்கா, இல்லையா?"

மாசிலாமணிக்கு அறுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் காலமெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர். ஓய்வு பெற்ற கையோடு, ஊட்டிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு ஞானம் தேடி வந்துவிட்டார். குருவான அம்மா அவரைவிட இருபது வயது இளையவர்.

வந்த அன்றே தியானம் சொல்லித் தரச் சொன்னார். அம்மா ஒரு கொக்கி ஊசியையும் கம்பளி நூல்கண்டையும் கையில் கொடுத்தார்.

"மார்க்கெட் கடை வாசல்ல வீடில்லாம படுத்திருக்காங்க. பனிக்காலம் வருது. அவங்க காலுக்குச் செருப்பு பின்னுங்க."

பின்னினார். முதல் ஜோடி, இரண்டு ஆட்களிடமிருந்து ஆளுக்கு ஒரு காலை வாங்கிவந்தது போல இருந்தது. பத்தாவது ஜோடியில் கை படிந்தது. இருபதுக்கு மேல், ஸ்கேல் வைத்து அளந்தாலும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. முடிந்ததை ஆசிரமத்தின் ஜீப் டிரைவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அதற்குள் மாசிலாமணி அடுத்த ஜோடியில் பாதி வந்திருப்பார்.

"சொல்லுங்கம்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அதைப் போட்டு நடக்கலையே. போட்டவங்களைக் கேளுங்க."

"என்னன்னு கேக்குறது?"

"செருப்பு எப்படி இருக்குன்னு."

மறுநாள் முதல் பஸ்ஸில் மாசிலாமணி ஊட்டிக்கு இறங்கிப் போனார். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அவர்கள் நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். 'எல்லாம் அவன் செயல்' என்பது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சும்மா கும்பிட்டால் போதும் என்று முடிவு செய்தார்.

மார்க்கெட் வாசலில் ஏழெட்டுப் பேர் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை.

ஒருவர் அதைக் கைகளில் மாட்டிக்கொண்டு டீ கிளாஸைப் பிடித்திருந்தார். இன்னொருவர் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாக்கு மேல் உட்கார்ந்து, பச்சைச் செருப்பு ஒன்றை நிதானமாகப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"பிரிக்கிறேன்." அவர் நிமிரவில்லை.

"அது நான் பின்னினது."

"ஓ, நீங்கதானா?" இப்போது நிமிர்ந்தார். "பின்னல் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா வழுக்குது. பனி படிஞ்ச சிமெண்டுல கால் வெச்சா ஆளைத் தூக்கிப் போடுது. அந்தா, அந்தோணியண்ணன் விழுந்து நாலு நாள் நொண்டுனாரு."

டீ குடித்துக்கொண்டிருந்தவர், ஆமாம் என்பது போலச் செருப்பு மாட்டிய கையை உயர்த்திக் காட்டினார்.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மா. ஒரு காலத்தில் எஸ்டேட்டில் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிப் பழகியவர். காய்கறி மூட்டையிலிருந்து உருவிய சணலைக் கம்பளியோடு சேர்த்து, அடிப்பக்கத்தை மட்டும் முரடாகப் பின்னிய செருப்பொன்றை எடுத்துக் காட்டினார்.

"இப்படி மாத்திக் கொடுத்ததைப் போட்டவங்க எல்லாம் மூட்டை தூக்கப் போயிட்டாங்க. இதுவரைக்கும் பதினொரு ஜோடி பிரிச்சாச்சு. மிச்சத்தையும் மாத்தணும்."

மாசிலாமணி கும்பிட மறந்து பஸ் ஏறினார்.

ஆசிரமத்துக்கு வந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். "நான் இங்கேயே போட்டு நடந்து பாத்தேன் அம்மா. ஒரு தடவைகூட வழுக்கலை."

"பலகைத் தரையில," என்றார் அம்மா.

மாசிலாமணி குனிந்து காலடியில் இருந்த பலகையைப் பார்த்தார்.

"எத்தனை ஜோடி பிரிச்சிருக்காங்க?"

"பதினொண்ணு."

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு, தன் கொக்கி ஊசியைத் தேடி எடுத்தார்.

"கிளம்புங்க."

"எங்கேம்மா?"

"பாடத்துக்கு."

மார்க்கெட் வாசலில் அம்மா நேராகப் போய்ச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அக்கா, எனக்கும் சொல்லிக் கொடுங்க."

பேச்சியம்மா நகர்ந்து இடம் விட்டார். சணலும் கம்பளியும் கொடுத்தார். அம்மா ஒரு அடிப்பாகம் பின்னி நீட்டினார். பேச்சியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோணல். பிரிங்க."

அம்மா பிரித்தார். மறுபடி பின்னி நீட்டினார்.

"இதுவும் சரியில்லை."

அதையும் பிரித்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. தன் குருவிடம் ஒருவர் 'சரியில்லை' என்று சொல்வதை மாசிலாமணி முதன்முதலாகக் கேட்டார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். கேரட் லாரி ஒன்று வந்து, இறக்கிவிட்டு, போயும் விட்டது.

"நீங்க என்ன சார், காவலுக்கு நிக்கிறீங்களா?" என்றார் பேச்சியம்மா.

மாசிலாமணி உட்கார்ந்தார். பேச்சியம்மா பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடியை எடுத்து அவர் மடியில் வைத்தார். சிவப்பில் நீலக் கரை. நாற்பதாவது ஜோடி. அதைக் கொடுத்தனுப்ப மனமில்லாமல் மாசிலாமணி இரண்டு நாள் தன் அலமாரியிலேயே வைத்திருந்து, பிறகுதான் டிரைவரிடம் தந்திருந்தார்.

"இதை இன்னும் யாரும் போடவே இல்லையே," என்றார் மெதுவாக.

"அதான் இன்னும் யாரும் விழலை. பிரிங்க."

மாசிலாமணி செருப்பைக் கையில் எடுத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், உள்ளே விரலை விட்டுத் தடவினார். எங்கிருந்து இழுத்தால் பிரியும் என்று பிடிபடவில்லை.

"நூல் நுனி எங்கே இருக்குன்னு தெரியலையே."

"நீங்கதான சார் உள்ள செருகி ஒளிச்சு வெச்சீங்க. தேடுங்க."

மாசிலாமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செருப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒவ்வொரு கண்ணியாக நகத்தால் நெருடிப் பார்த்தார்.

பிறகு, நுனி கிடைப்பதற்கு முன்பே, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.