ஒயர் தேடிய தலைவர்

பொள்ளாச்சியில் நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து. நடப்பதைப் பற்றி மைக்கில் மணிக்கணக்காகப் பேசுவார். அவர் நடந்துதான் யாரும் பார்த்ததில்லை. போன மாதம் அவர் வீட்டுக்கு எலிப்டிகல் வந்தது. நின்றபடியே இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றித் தள்ளி நடக்கும் இயந்திரம்.

ஒரு நாள் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, அதை விற்ற கடையின் மேனேஜரை வீட்டுக்கு வரவழைத்தார். சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"தினம் ஒரு மணி நேரம் மிதிக்கிறேன். நேத்து பாதியில கரண்டு போச்சு, மிஷின் டக்குனு நின்னுது, விழுந்துட்டேன். இப்பவே கரண்டு இல்லாம ஓட்டிக் காட்டணும். இல்லைன்னா இதை ஃபிட் பண்ணினவளை வேலையை விட்டுத் தூக்கு!"

மேனேஜர் தலையாட்டிவிட்டு, கூட வந்திருந்த ஃபிட்டர் தமயந்தியைப் பார்த்தார்.

"சரிங்கய்யா. மெயினை நீங்களே உங்க கையால அணைச்சிருங்க," என்றாள் அவள்.

அணைத்தார். மின்விசிறி நின்றது. தமயந்தி ஏறி மிதித்தாள். நாலே மிதியில் திரை எரிந்தது. மிதிக்க மிதிக்க எண்கள் ஓடின.

"என்னடி வித்தை பண்ணினே?" தலைவர் குனிந்து ஒயரைத் தேடினார். சுற்றிச் சுற்றித் தேடினார். சங்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தமயந்தி இறங்கினாள்.

"ஒயரே கிடையாதுங்கய்யா. அடிக்கடி கரண்டு போற ஊருன்னு இந்த ரகமாப் பாத்து எடுத்தது உங்க வீட்டம்மாதான். இதுக்குக் கரண்டே உங்க காலுதானுங்க. அதுதான் ஒரு மாசமா வரவேயில்லை."