பொடிப் புள்ளிகள்

"இன்னும் எத்தனை தடவை காட்டினா நம்புவீங்க, மேடம்?"

மாசிலாமணி கேட்டார். குரலில் மரியாதை குறையவில்லை. பொறுமை குறைந்திருந்தது.

அவர் கல்லூரிப் பேராசிரியர். ஐம்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர். நெறியாளர் ஜெனோவா ஒரு காலத்தில் அவர் வகுப்பில் படித்த மாணவி. இப்போது இவர் மேடம் என்பார், அவர் சார் என்பார். ஆய்வகத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

நெல்லில் ஒரு மரபணுத் துண்டு உண்டு. இருந்த இடத்தில் இருக்காது. தன்னைக் கத்தரித்துக்கொண்டு வேறிடம் தாவும். நெற்பயிர் அதை அடக்கி வைத்திருக்கிறது. அதனால் மாசிலாமணி அதை எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தார். அங்கே அடக்க ஆளில்லை.

வைத்த இடம்தான் சூட்சுமம். ஈஸ்ட் தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தயாரிக்க உதவும் மரபணுவின் நடுவில் செருகினார். துண்டு உள்ளே இருக்கும்வரை ஈஸ்ட் பட்டினி. அது தாவி வெளியேறினால் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். அந்தச் சத்து இல்லாத வளர்ப்புத் தட்டில் முளைக்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு தாவல்.

தாவ வைப்பது ஒரு நொதி. அதை மாசிலாமணி மாற்றியமைத்திருந்தார். பழைய நொதியைவிடப் புதிய நொதி அதிகம் தாவ வைக்கிறது என்பதே அவருடைய ஆய்வேடு. எப்போது எண்ணினாலும் புதியதே வென்றது.

ஆய்வேடு ஜெனோவாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இந்த வாரம் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். இன்னொரு முறை பதிய மாசிலாமணிக்குப் பணிக்காலம் மிச்சமில்லை.

எண்ணியது யார் என்று ஜெனோவா கேட்டார்.

தான்தான் என்றார் மாசிலாமணி. ஒரு தட்டைக்கூட வேறு யாரிடமும் விட்டதில்லை. பெருமையாகவே சொன்னார்.

"எங்களைத் தொடவே விடமாட்டார் மேடம். பெத்த பிள்ளை மாதிரி" என்றாள் பக்கத்து மேசை ஆய்வு மாணவி ஷிஃபானா.

ஜெனோவா எழுந்தார்.

அன்று காலை வளர்ப்புப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டுகள் அடுக்கியிருந்தன. இன்னும் எண்ணாதவை. ஒவ்வொன்றின் அடியிலும் 'பழையது' அல்லது 'புதியது' என்று மார்க்கரால் எழுதியிருந்தது.

அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். ஒரு தட்டைத் திருப்பி எழுத்தைத் துடைத்தார். அடுத்ததை எடுத்தார்.

மாசிலாமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பாதித் தட்டுகளில் எழுத்து இல்லை.

கையை நீட்டினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஷிஃபானாவின் பிப்பெட் அந்தரத்தில் நின்றது.

ஜெனோவா கடைசித் தட்டையும் துடைத்தார். எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தார். மாசிலாமணிக்கு முன்னால் தள்ளினார்.

"எது என்ன நொதின்னு அந்த ஈஸ்ட்டுக்குள்ளேயே இருக்கு, சார். அப்புறம் சோதிச்சுக்கலாம். இப்ப எண்ணுங்க."

மாசிலாமணி உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

பெரிய புள்ளிகளை மளமளவென்று குறித்தார். பிறகு பேனா நின்றது.

பெரியவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவில் பொடிப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. தட்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதிலும் அப்படித்தான். அதையும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தத் தட்டுன்னு மட்டும் சொல்லுங்க, மேடம்."

"எண்ணுறதுக்கு அது எதுக்கு சார்?"

"இந்தப் பொடியெல்லாம் இருக்கே. புதுசுன்னா எண்ணணும். பழசுன்னா தூசு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.