முதலில் கீழே போன உடை

செடி முளைக்கும்போது வேர் முதலா, இலை முதலா என்று யாரும் முடிவு செய்து வைக்காத அந்தக் காலத்தில், தேரிக்காடு மொட்டையாகக் கிடந்தது. தேரி என்றால் கடலோரத்துச் செம்மணல் மேடு. இன்றைக்கு அங்கே முள்ளும் புதரும் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் கிடையாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாச் செடியும் முதலில் இலையைத்தான் நீட்டும். நாலு பேர் பார்க்கப் பச்சையாக நின்ற பிறகுதான் வேரைப் பற்றி யோசிக்கும். குளத்தங்கரையில் அது சரிப்பட்டது. அங்கே வருஷம் முழுக்க ஈரம். தேரியில் மழை ஐப்பசி, கார்த்திகை இரண்டே மாதம். மார்கழியில் பனி, தையோடு அதுவும் முடிந்தது. மீதி மாதமெல்லாம் வெயில், காற்று, மணல். வேரைப் பற்றி யோசிப்பதற்குள் செடி செத்துப்போகும்.

பறவை, பல்லி, விதை எல்லாவற்றுக்கும் அப்போது பேச்சு உண்டு. தேவைக்கு மேலேயே பேசினார்கள்.

அந்தத் தேரியில் மாடத்தி என்று ஒரு கௌதாரி இருந்தாள். அவள் புருஷன் கொம்பையா. அந்தக் காலத்துக் கௌதாரிகள் மண்ணைக் கிளறாது. தரைமேல் கிடப்பதைப் பொறுக்கித் தின்னும், அவ்வளவுதான்.

மாடத்திக்கு இரண்டு வருஷமாக ஒரு குஞ்சுகூட நிற்கவில்லை. முதல் வருஷம் ஏழு முட்டை இட்டாள். வெட்டவெளியில் இட்ட முட்டை, மேலே பறந்த காக்கைக்குத் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது. ஏழும் போனது.

"குளத்தங்கரைக்குப் போயிருவோம்," என்றான் கொம்பையா.

"அங்க நரி இருக்கு."

"நரி எப்பவாவதுதான் வரும்."

"எப்பவாவது வந்தாப் போதும்."

ஒரு புதர் இருந்தால் முட்டையை மறைத்துவிடலாம் என்று மாடத்திக்குத் தோன்றியது. இல்லாத புதரை நட்டு வளர்க்க வேண்டியதுதான். மாசியில் குளத்தங்கரையே பூத்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. தளதளவென்று இருந்த கன்றுகளாகப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்து தேரியில் அலகால் குத்தி நட்டாள். பங்குனி பிறப்பதற்குள் எல்லாம் கருகிக் குச்சியாகிவிட்டது.

பக்கத்துக் கல்லில் குடியிருந்த ஓணான் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏளா மாடத்தி, நட்டது செடியா, விறகா?"

மாடத்தி அந்தக் குச்சிகளுக்கு அடியிலேயே எட்டு முட்டை இட்டாள். கீரி வந்து தின்றுவிட்டு ஓடுகளை மட்டும் விட்டுப் போனது.

அதற்கப்புறம் ஒரு வாரம் மாடத்தி சரியாகத் தின்னவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். மாசியில் நட்டது தப்பு. மழை போன பிறகு நட்டது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி. மழைக்கு முன்னாலேயே விதையை மண்ணுக்குள் போட்டுவிட்டால் ஒரு சொட்டு விடாமல் செடிக்கே போய்ச் சேரும். இன்னொரு தப்பும் அவளுக்குப் பிடிபட்டது. ஈரத்தில் சொகுசாக வளர்ந்ததைக் கொண்டுவந்து மணலில் வைத்தால் அது என்ன செய்யும்?

புரட்டாசிக் கடைசியில் வெயில் கொஞ்சம் தணிந்தது. மாடத்தி இந்தத் தடவை குளத்துக்குப் போகவில்லை. தேரியின் அடிவாரத்தில் காய்ந்தும் காயாமலும் நின்ற குத்துச்செடிகளிடம் போனாள். ஆவாரையில் இரண்டு, காரையில் இரண்டு, சூரையில் இரண்டு, வேலமரத்துக்குச் சொந்தக்கார மரமான உடையில் ஒன்று என்று ஏழு விதை பொறுக்கினாள். அலகில் வைத்து ஒவ்வொன்றாக மேட்டுக்குக் கொண்டுபோனாள்.

"வழியில தின்னுறாத," என்றான் கொம்பையா.

"பசிச்சா முதல்ல உங்களைத்தான் கொத்துவேன்."

கடைசியாகப் போனது உடை விதை. அலகால் குத்திய குழியில் வைத்ததும் அது கேட்டது: "இது புழுதியால்லா இருக்கு. தண்ணி எங்க?"

"வரும்."

"எப்ப?"

"வரும்போது வரும். நீ முன்னாடியே போய்ப் படுத்துக்கிட்டா மொத்த மழையும் உனக்கு."

விதை புழுதியில் ஒரு தடவை புரண்டுகொண்டது. "பரவாயில்ல. யோசிக்கத் தெரிஞ்ச கோழிதான்."

"நான் கோழி இல்ல."

"சரி, மூடு."

ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் மழை இறங்கியது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மாடத்தி நனைந்துகொண்டே நின்றாள். அவ்வளவு சந்தோஷம். நான்காம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். செம்மண்தான் தெரிந்தது. ஒரு பச்சைகூட இல்லை.

"எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றார் ஓணான் அண்ணாச்சி.

"சும்மா இரும் அண்ணாச்சி."

"நான் சும்மாதான் இருக்கேன். நட்டவ நீ."

அவர் சொன்னது அவள் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே விதை இருக்கிறதா, இல்லையா? இந்த வருஷமும் போனால் அவ்வளவுதான். அவள் நின்றாள், நடந்தாள், மறுபடி வந்து நின்றாள். பிறகு வலது காலைத் தூக்கி மண்ணை ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஒரு கௌதாரி மண்ணைக் கிளறியது அதுதான் முதல் தடவை.

"என்ன வேணும்?" என்றது உள்ளே இருந்த ஆவாரை விதை.

"இருக்கியான்னு பார்த்தேன்."

"இருக்கேன். தோல் இப்பத்தான் ஊறுது. மூடு."

மாடத்தி மூடினாள். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. ஏழையும் கிளறிப் பார்த்தாள். மறுநாள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதற்கு மறுநாள் கணக்கே இல்லை.

ஆறு விதைகளுக்குத் தொல்லை தாங்கவில்லை. "இந்தா, பார்த்துக்கோ, ஆளை விடு," என்று அவசர அவசரமாக இலையை மேலே தள்ளிவிட்டன. ஆறும் பச்சையாக வரிசையில் நின்றதைப் பார்த்து மாடத்தி கொம்பையாவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

உடை மட்டும் வரவில்லை. அவள் கிளறினாள்.

"உன் இலை எங்க?"

"வேர் வைக்கவா, இலை வைக்கவான்னு பார்க்கேன்."

"இலையைக் காட்டிட்டு அப்புறமா வேர் வை. மத்தவங்க எல்லாம் காட்டிட்டாங்க."

"அப்ப மத்தவங்களைப் போய்ப் பாரு."

மறுநாள் அவள் கோபமாக வந்தாள். காலைத் தூக்கி ஓங்கி ஒரு இழுப்பு. நகத்தில் ஏதோ மெத்தென்று பட்டது. பார்த்தால், வெள்ளையாக ஒரு சின்ன முளை நுனி நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.



"முளையைக் கிள்ளிட்ட," என்றது விதை.

"தெரியாம..."

"தெரிஞ்சுதான கிளறின. மூடிட்டுப் போ. மேல போக எனக்கு இப்ப வழியில்ல. உன் கால் எட்டாத இடத்துக்குப் போறேன்."

மாடத்தி மூடினாள். அது செத்துவிட்டது என்றே நினைத்தாள்.

"ஏழு போட்டியே, ஏழாவது எங்க?" என்று கொம்பையா கேட்டான்.

"செத்துப் போச்சு."

"எப்படி?"

"செத்துப் போச்சுன்னா செத்துப் போச்சு. என்ன கேள்வி இது?"

யார் கொன்றது என்று அவள் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஆறு செடியும் கிடுகிடுவென்று வளர்ந்தன. மார்கழிப் பனியில் பளபளத்தன. ஓணான் அண்ணாச்சியே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "விறகு இல்ல, செடிதான்," என்று ஒத்துக்கொண்டார். இந்தச் சித்திரையில் எங்கே முட்டை இடலாம் என்று மாடத்தி இடம் பார்த்து வைத்தாள்.

மாசியில் காற்று திரும்பியது. முதலில் காரை இரண்டும் தலையைத் தொங்கப் போட்டன. பிறகு சூரை. பங்குனி முதல் வாரத்தில் ஆவாரை ஒன்றுதான் பாக்கி. அதன் தண்டை மாடத்தி அலகால் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேர் அவள் நகம் அளவுகூட இல்லை.

"இவ்வளவு பெரிய செடிக்கு இவ்வளவுதான் வேரா?"

"நீதான இலை கேட்ட," என்றது ஆவாரை. அதற்கப்புறம் அது பேசவில்லை.

மாடத்தி அந்தச் செடியை அப்படியே கீழே வைத்தாள். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"இந்த வருஷம் முட்டை வேண்டாம். அடுத்த வருஷம் பார்ப்போம்," என்றான் கொம்பையா.

"நான் வேண்டாம்னா வராம இருக்குமா?"

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காக்கை தினமும் ஒரு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கும் நாள் தெரியும்.

பங்குனி நடுவில், மணல் கால் வைக்க முடியாமல் கொதித்த ஒரு மத்தியானம், ஓணான் அண்ணாச்சி கல்லிலிருந்து கூப்பிட்டார். "ஏளா, இங்க வா. ஒருத்தனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. இந்த வெயில்ல முளைக்கான்."

மாடத்தி ஓடினாள். ஏழாவது இடத்தில் இரண்டு இலை. அதன் பக்கத்திலேயே வெள்ளையாக இரண்டு முள்.

கீழே வேர் இருக்கிறதா? இதுவும் பொய்யா? அவள் கால் தானாக மேலே போனது.

"காலை இறக்கு," என்றது உடை.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"ஒரே ஒரு தடவை பார்த்துக்கிடுதேன். வேர் இருக்கான்னு மட்டும்."

"போன தடவையும் பார்க்கத்தான் வந்த."

"ஆறும் செத்துப் போச்சு. நீயும் செத்தா எனக்கு வேற இடமில்ல."

"மழை போயிட்டுன்னு நினைக்கியா? அது எங்கயும் போகல. கீழ போயிருக்கு. நான் அஞ்சு மாசமா அது பின்னாடியே போனேன். இப்ப ஈரத்துல நிக்கேன். நம்பினா நம்பு, இல்லைன்னா கிளறு. இந்தத் தடவை கிள்ளினா மறுபடி வர மாட்டேன்."

மாடத்தி காலை இறக்கினாள். அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அன்னைக்கு நான்தான் கிள்ளினேன்," என்றாள். பின்னாலேயே வந்த கொம்பையாவும் அண்ணாச்சியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

"தெரியும். அங்க நான்தான இருந்தேன்."

"முள் எதுக்கு?"

"உனக்காகத்தான் வளர்த்தேன். உன் காலுக்கு. கீரி வந்தா அதுக்கும் ஆகும்."

கோபம் இருந்தாலும் உடை கணக்குத் தீர்க்கிற ரகம் இல்லை. "உனக்கு எவ்வளவு உயரம் வேணும்?" என்று கேட்டது.

"உயரம் வேண்டாம். காக்கை மேல இருந்துதான் பார்க்கும்."

"அப்ப அகலம்தான். ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. என் நிழல்ல உன் கால் மண்ணைக் கிளறக்கூடாது. வேற எங்க வேணா கிளறு."

"சரி."

கீழே ஈரம் பிடித்திருந்ததால் உடைக்கு அவசரமே இல்லை, ஆனாலும் வேகமாக வளர்ந்தது. ஒரு முழம் உயர்ந்ததும் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் விரிந்தது. உச்சி தட்டையாகி, விரித்த குடை மாதிரி ஆனது. சித்திரைக் கடைசியில் முறம் அகலம். ஒரு கௌதாரிக்கும் எட்டு முட்டைக்கும் அது போதும். மாடத்தி சருகில் முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

காக்கை வந்தது. வட்டம் போட்டது. குடைதான் தெரிந்தது. மறுபடி வட்டம் போட்டுவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விட்டது. நாலு நாள் கழித்துக் கீரி வந்து மூக்கை உள்ளே நீட்டியது. மூக்கைத் துடைத்துக்கொண்டே போனது.

காக்கையையும் கீரியையும் மாடத்தி சமாளித்துவிட்டாள். காலைத்தான் சமாளிக்க முடியவில்லை. பதினெட்டு நாள், வயிற்றுக்கு அடியில் மணல். மழை நாளில் கிளறிப் பழகிய கால் இரண்டும் அரித்தன. முட்டைக்குள் குஞ்சு இருக்கிறதா? இப்போது ஆடியதா, இல்லையா? பார்க்கத் துடித்தது. அவள் நகத்தை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருக்கியா?" என்று உடை ஒரு நாள் கேட்டது.

"இருக்கேன். பேசாம இரு," என்றாள் மாடத்தி.

பத்தொன்பதாம் நாள் எட்டு முட்டையும் பொரிந்தன. குஞ்சுகள் ஈரம் காய்ந்த உடனே நடந்தன. மாடத்தி அவற்றை முள்ளுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். நிழலைத் தாண்டிப் பத்தடி போனாள். பிறகு இரண்டு காலாலும் ஆசை தீரக் கிளறினாள். மண் கொம்பையா முகத்தில் போய் விழுந்தது. எட்டுக் குஞ்சும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதே மாதிரி கிளற ஆரம்பித்தன.

"இது எங்க போய் முடியும்?" என்றார் ஓணான் அண்ணாச்சி.

எங்கேயும் முடியவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான், கௌதாரி இன்னும் போகிற இடமெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறது. உடை விதையும் அன்று முதல்தான், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் முதலில் கீழே போய் ஈரத்தைப் பிடித்துவிட்டுத்தான் மேலே தலைகாட்டுகிறது. தேரிக்காட்டுக்காரர்கள் புரட்டாசிப் புழுதியில் விதையைப் போட்டு மூடினால், அப்புறம் அந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. கௌதாரியை விரட்ட மட்டும்தான் அந்தப் பக்கம் போகிறார்கள்.