குடத்துக்கு எதிரே ஒரு நாற்காலி

சிங்காரவேலுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தைந்து ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் தபலா வாசித்தவர். பிறநாட்டுத் தாள வாத்தியங்களை அவருக்குக் கற்றுக்கொடுத்த மெர்லினுக்கு முப்பத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு தாலாட்டின் ஒலிப்பதிவுக்கு முதன்முறையாக அவரைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள். எதைக் கேட்பார்களோ என்று, வைத்திருந்த பதினொரு வாத்தியங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாலிகிராமம் போய்ச் சேர்ந்தார்.

"உலகத்தையே கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்று இசையமைப்பாளர் சிரித்தான். சின்னப் பையன். நைஜீரியா நாட்டு மண்குடம் ஒன்று போதும் என்றான். மற்ற பத்தும் அவரைச் சுற்றி நின்றன.

வாசித்தார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார்.

"உள்ளே வண்டு சுத்துற மாதிரி ஒரு சத்தம் வருதுண்ணே."

ஏசியை நிறுத்தினார்கள். சிங்காரவேலு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப்பைச் சாவியை வெளியே கொடுத்தார். மூச்சை அடக்கிக்கூட வாசித்துப் பார்த்தார். வண்டு போகவில்லை.

மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் கம்ப்யூட்டரில் இருக்கும் குடத்தின் ஒலியையே போட்டுக்கொள்வதாக இசையமைப்பாளர் மரியாதையாகத்தான் சொன்னான். அப்படிப் போட்டுவிட்டால் மறுபடி கூப்பிடமாட்டார்கள் என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும். டீச்சருக்குப் போன் செய்தார்.

மெர்லின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் அருகிலும் குனிந்து காதை வைத்தாள். மொராக்கோ நாட்டுத் தோல்வட்டத்தின் அருகில் சற்று நேரம் இருந்தாள். பறை போலிருக்கும் அதன் முதுகில் ஒரு நரம்பு கட்டியிருக்கும். குடம் அடித்தொண்டையில் பேசும்போதெல்லாம் தோல் அதிர்ந்து அந்த நரம்பு முரன்றது.

அவள் மற்ற பத்தையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

குடம் தனியாக ஒலித்தது. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். சிங்காரவேலு மட்டும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"சுத்தமாத்தான் இருக்கு டீச்சர்." கொஞ்சம் இழுத்தார். "தாலாட்டு மாதிரி இல்ல."

வாய்ப்பு கைக்கு வந்த பிறகு இப்படிச் சொல்கிறாரே என்று ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மெர்லின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. வெளியே போய் அந்தத் தோல்வட்டத்தை மட்டும் எடுத்துவந்து, குடத்துக்கு எதிரே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

சிங்காரவேலு வாசித்தார். ஒவ்வொரு அடிக்கும் பின்னால், கண் செருகும் குழந்தை 'ம்' கொட்டுவதுபோல ஒரு முனகல் வந்தது. ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தப் போனார். இசையமைப்பாளர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதிவு முடிந்ததும் யார் யார் என்னென்ன வாசித்தார்கள் என்று எழுதும் தாள் வந்தது. சிங்காரவேலு தன் பெயருக்கு நேரே மண்குடம் என்று எழுதினார். பிறகு பேனாவைப் பிடித்தபடி நாற்காலியைப் பார்த்தார்.

"இதை யார் வாசிச்சதா எழுதட்டும் டீச்சர்?"

"அது வாசிக்கலண்ணே" என்றாள் மெர்லின். "நீங்க வாசிச்சதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."