மூன்று முறை பலித்த வாக்கு

செங்குளத்தூர் அரசர் மருதவாணருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு விஷயத்தை மூன்று முறை சரியாகச் சொல்லிவிட்டால் போதும், நான்காவது முறை அவர் யோசிக்கவே மாட்டார்.

துறைமுகத்து வியாபாரி வரகுணன் அரண்மனைக்குள் நுழைந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். பங்குனியில் அவனிடமிருந்து ஓர் ஓலை வந்தது. வரும் மாதம் மிளகு விலை ஏறும் என்று எழுதியிருந்தான். ஏறியது. அடுத்த ஓலையில் இறங்கும் என்றான். இறங்கியது. மூன்றாவது ஓலையில் மறுபடி ஏறும் என்றான். மிளகு அவன் சொன்ன பேச்சைக் கேட்டு ஏறியது.

ஆடி பிறந்ததும் பட்டு உத்தரீயம் போட்டுக்கொண்டு அவனே நேரில் வந்துவிட்டான். பணத்தைக் கொடுத்தால் ஒரே வருஷத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றான். நடுவில் திருப்பிக் கேட்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

அரசரின் கஜானா அந்த வருஷம் கொஞ்சம் இளைத்துப் போயிருந்தது. ஆனால் காவலர் பெட்டி கனமாக இருந்தது. அரண்மனைக் காவலர்கள் மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் அதில் போட்டு வைப்பார்கள்; வேலையை விட்டுப் போகும்போது அவரவர் பங்கை வாங்கிக்கொள்வார்கள். அதை இரட்டிப்பாக்கிக் கொடுத்தால் காவலர்கள் தன்னைத் தலைமுறைக்கும் வாழ்த்துவார்கள் என்று அரசருக்கு ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான். பணம்தான் அவருடையது இல்லை.

வடக்கு வாசல் காவலர் மூக்கையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தை மாதம் அவருக்கு ஓய்வு. கிணற்றோடு அரைக் காணி நிலம் பேசி வைத்திருந்தார். அரசவையில் விகடம் சொல்லிப் பிழைக்கும் திருமேனியிடம் போய் நின்றார்.

"இரட்டிப்பெல்லாம் வேண்டாம் ஐயா. இருபத்திரண்டு வருஷமாக நான் போட்டது அப்படியே இருந்தால் போதும்."

திருமேனி சபையில் எழுந்து, இந்த யோசனை சரியாகப் படவில்லை என்றார். அரசர் சிரித்தார்.

"உமக்கு வியாபாரம் தெரியுமா?"

"தெரியாது அரசே."

"மிளகு?"

"ரசத்தில் பார்த்திருக்கிறேன்."

சபையே சிரித்தது. ஆனாலும் அரசர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் வரகுணனின் திறமையில் ஓர் ஓட்டையாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காவலர் பெட்டியோடு திருமேனியின் சேமிப்பும் வண்டி ஏறும்.

ஆடி மாதம் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கிடாச் சண்டை நடக்கும். ஒரு கிடாவின் கொம்பில் சிவப்பு நாடா, மற்றதில் நீல நாடா. முதல் வெள்ளி காலையில் தளபதி சேந்தன் வீட்டு வாசலில் பெயர் போடாத ஓலை ஒன்று கிடந்தது. 'இன்று சிவப்பு ஜெயிக்கும்.' தளபதி அதைத் தூக்கிப் போட்டார். சிவப்பு ஜெயித்தது. இரண்டாம் வெள்ளி நீலம் என்று வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் பந்தயம் கட்டினார். நீலம் ஜெயித்தது. மூன்றாம் வெள்ளி ஓலையைப் படித்ததும் குதிரையையே பந்தயம் கட்டிவிட்டார். அதுவும் பலித்தது. அன்று முதல் தளபதிக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஞானி யார்?

நான்காம் வெள்ளி. அன்றோடு தவணை முடிந்தது. சபை கூடியிருந்தது; வரகுணனும் வந்திருந்தான். வாசலில் காவலர் பெட்டியை அவனுடைய மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கையன் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அப்போது தளபதி மூச்சிரைக்க ஓடிவந்தார். பெட்டியை இவனிடம் கொடுக்க வேண்டாம், இவனைவிடப் பெரிய ஞானி ஒருவர் இந்த ஊரிலேயே இருக்கிறார் என்று சொல்லி, மூன்று ஓலைகளையும் அரசர் முன் வைத்தார்.

வரகுணனுக்குக் கோபம் வந்துவிட்டது. கைக்கு வந்த பெட்டி அல்லவா?

"ஏதோ மூன்று முறை சரியாகச் சொன்னால் ஒருவன் ஞானியாகிவிடுவானா, அரசே? குருட்டு அதிர்ஷ்டம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அரசர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

திருமேனி மெல்ல எழுந்தார். "அந்த ஞானி அடியேன்தான். எனக்குச் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்குமே வித்தியாசம் தெரியாது."

பிறகு அரண்மனைக்காரர்கள் ஏழு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினார். தலைமைச் சமையற்காரர் இருந்தார், அரண்மனை வைத்தியர் இருந்தார், ராணியின் தம்பிகூட இருந்தார். எல்லார் கையிலும் பொய்த்துப்போன ஓலை ஒன்று. முதல் வெள்ளி எட்டுப் பேருக்கு எழுதினாராம். நாலு பேருக்குச் சிவப்பு, நாலு பேருக்கு நீலம். பலித்த நாலு பேருக்கு மட்டும் அடுத்த வெள்ளி எழுதினார், பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. மூன்றாம் வெள்ளி மிஞ்சியது இரண்டே பேர்; அவர்களில் ஓலை பலித்தது தளபதிக்கு.

"ஓலை பொய்த்தவர்கள் அடுப்பில் போடாமல் வைத்திருந்ததே பெரிது. எட்டில் ஒருவர் எப்படியும் என்னைத் தேடி ஓடிவருவார் என்பது தெரியும். அது தளபதியாக இருப்பார் என்பதுதான் தெரியாது."

அரசர் வரகுணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ எத்தனை அரண்மனைக்கு எழுதினாய்?"

"பக்கத்து ராஜ்ஜியங்களுக்கும்... ஒரு மரியாதைக்காக..." என்று வரகுணன் இழுத்தான். இழுத்துக்கொண்டே வாசலையும் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை. பட்டு உத்தரீயம் தரையில் புரள நடையைக் கட்டினான்.

பெட்டி வண்டியிலிருந்து இறங்கியது. இனி அதன் சாவி காவலர்களிடமே இருக்கட்டும், நானே கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று அரசர் உத்தரவு போட்டார். மூக்கையனின் பங்கை அன்றைக்கே கொடுக்கச் சொன்னார். அவர் அதை மடியில் கட்டிக்கொண்டு, நிலத்துக்காரர் வீட்டுக்கு நடந்தார் என்று சொல்ல முடியாது, ஓடினார்.

திருமேனிக்கு ஒரு சால்வையும் ஒரு பையில் பொன்னும் கிடைத்தன. சபை கலைந்தது. எல்லாரும் போன பிறகு அரசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் புரிந்தது, திருமேனி. இருந்தாலும் கேட்கிறேன். இன்று சாயங்காலம் எந்த நாடா ஜெயிக்கும்?"

"சொல்கிறேன் அரசே," என்றார் திருமேனி. "அதற்கு இன்னும் ஏழு பேர் வேண்டுமே."