அமைச்சரின் கல்லில் ஏறிய முயல்

ஒரு காட்டில் ராஜா என்று யாரும் கிடையாது பிள்ளைகளே, சபைதான் உண்டு. பாறை மேட்டில் எதிரும் புதிருமாக இரண்டு கல். சட்டம் கொண்டு வருபவர் ஒன்றில் நிற்பார், மறுப்பவர் மற்றதில் நிற்பார். யானைதான் சபாநாயகர்.

அங்கே ஓர் அருமையான வழக்கம் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன்னால் இருவரும் கல் மாற வேண்டும். எதிராளியின் கல்லில் ஏறி, எதிராளிக்காகப் பேச வேண்டும். அங்கே சொன்னதற்குக் கல்லின் சொந்தக்காரர் தலையாட்டிவிட்டால், அது அவர் பேச்சாகவே ஆகிவிடும். பிறகு மாற்ற முடியாது.

அந்தக் கோடையில் குளம் பாதியாகிவிட்டது. அமைச்சர் மாசிலாமணி, அதுதான் நரி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தது.

"முயல் கூட்டம் பெருகிப்போச்சு. அதனால்தான் தண்ணி இல்லை. இனி சினையாக இருக்கும் முயல் எதுவும் இங்கே இருக்கக் கூடாது. இன்று சாயங்காலமே ஆற்றுக்கு அக்கரை போகட்டும்."

அக்கரையில் கழுதைப்புலிகள் இருந்தன. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கை தட்டினார்கள். தாகம் வந்தால் சிலருக்குப் புத்தியும் வறண்டுவிடும்.

மறுப்புக் கல்லில் செங்கமலம் என்ற முயல் ஏறியது. இன்றோ நாளையோ குட்டி போடும் வயிறு. ஆனாலும் நிமிர்ந்து நின்று பேசியது.

"நாங்கள் பெருகினது உண்மைதான் அய்யா. அதை மறுக்கவில்லை. ஆனால் குளத்துத் தண்ணி வேறு எங்கேயோ போகுது. ஒரு நடை வந்து பாருங்கள்."

"தன் வயிற்றுக்காகப் பேசுது," என்றது எருமை. சபை சிரித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"கல் மாறுங்கள்," என்றது யானை.

நரி முயலின் கல்லில் ஏறிக் கொட்டாவி விட்டது. "முயல்கள் பாவம். அவ்வளவுதான்," என்று சொல்லி இறங்கிவிட்டது. வழக்கத்துக்கு அது கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

செங்கமலம் அமைச்சரின் கல்லில் ஏறியது. என்ன கெட்டிக்காரி பாருங்கள், அங்கே நின்று அழவில்லை, கெஞ்சவில்லை. அமைச்சரைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"இந்தச் சட்டம் போதாது. இன்னும் கடுமையாக வேண்டும். முயல் என்று மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? குளத்துத் தண்ணியைக் குறைப்பவர் யாராக இருந்தாலும் அக்கரை போகட்டும். அமைச்சராகிய நான் இதைத்தான் கேட்கிறேன்."

நரிக்கு ஒரே பூரிப்பு. தன் பெருமையைத்தான் பேசுகிறது என்று நினைத்து, "பலே, சரியாகச் சொன்னாய்," என்று தலையை ஆட்டியது.

"தலையாட்டியாச்சு. சட்டத்தில் சேர்ந்தாச்சு," என்றது யானை.

"அப்படியென்றால் ஆளைத் தேட வேண்டாமா?" என்றது முயல். "வாங்க, குளத்துக்குப் போவோம்."

இப்போது அமைச்சரின் பேச்சல்லவா? சபை முழுக்க எழுந்து நடந்தது. கீழ்க்கரையில், தாழம்புதருக்கு அடியில், கரையை அறுத்து ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் வழியே போனால் நரியின் வளை. வாசலில் பெரிய பள்ளம், நிறையத் தண்ணீர், அதில் கொழுத்த நண்டுகள். நரிக்கு நண்டு என்றால் உயிர்.

எல்லாரும் நரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நரியின் வால் தானாகக் காலிடுக்கில் போய்விட்டது.

யானைதான் முதலில் வாய் திறந்தது. "நானும் தினம் குடிப்பதற்கு மேல் முதுகில் ஊற்றிக்கொள்கிறேன். இந்தச் சட்டம் வந்தால் நானும் போக வேண்டியவன்தான்."

நரி தலை குனிந்து, "செங்கமலம் அம்மா, என்னை அக்கரைக்கு அனுப்பிடாதே," என்றது. சற்று முன்னால் அந்த அக்கரையைத்தான் அது முயலுக்குக் காட்டியது.

முயல் தன் வயிற்றைப் பார்த்தது, பிறகு நரியைப் பார்த்தது.

"யாரும் போக வேண்டாம் அய்யா. சட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாய்க்காலை அடைத்தால் போதும்."

அந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்கள். நரி அன்றைக்கே வாயால் மண் கவ்விக் கவ்விக் கரையை அடைத்தது. யானை மிதித்துக் கெட்டிப்படுத்தியது.

கொஞ்ச நாளில் செங்கமலம் குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வந்தது. கரையில் குடித்துக்கொண்டிருந்த நரி, நகர்ந்து இடம் விட்டது.

நீதி: பிறக்கப்போகும் வாயைப் பழிப்பதற்கு முன், வீணாய்ப் போகும் வழியை அடைக்க வேண்டும்.